நடைபாதையில் ஒன்பது குட்டைக் கொடிகள்

“ஆர்டர் தாள் ரெண்டையும் எடுங்க, பாக். நான் பாக்கணும்.”

கேட்டுவிட்டேன், ‘பாக்’ என்று ஐயா போட்டுத்தான்.

கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ‘கருடப் பார்வை’ துப்பறியும் நிறுவனத்தில் நான் சேர்ந்த அன்றே முதலாளி பாக் விரா போட்ட சட்டம் அது. சந்தேகத்துக்கு ஆளானவனை என்ன வேண்டுமானாலும் கேள், காசு கொடுக்கிறவரை மட்டும் எதையும் எடுத்துக் காட்டச் சொல்லாதே. அவர் சொல்வதை எழுதிக்கொள், டீ கொடுத்தால் குடி, கிளம்பு.

நான் டீயைக் கூடத் தொடவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பாக் ஹெந்தார்சாவுக்குப் பாண்டுங் நகரத்தில் ஆறு பத்தாகோர் கடைகள். பொரித்த மீன் உருண்டை மேல் கடலைக் குழம்பை ஊற்றியே மூன்று மாடி வீடு கட்டியவர். நாளைக்கு ஏழாவது கடை திறக்கிறார், புது மாலின் இரண்டாம் தளத்தில். என்னை ஒரு தடவை பார்த்தார். என் ஷூவை இரண்டு தடவை பார்த்தார்.

“தாள் எதுக்கு? திருடி யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே. நீங்க எழுதிக் குடுக்க வேண்டியதுதான் பாக்கி.”

“தெரிஞ்சுபோச்சுன்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

பக்கத்தில் என் உதவியாளர் மாங் ஓடாங்குக்கு இருமல் வந்தது. அவருக்கு ஐம்பது வயது, எண்பத்தெட்டு கிலோ, ஒரு பழைய மொபெட். எனக்கு இருபத்து நாலு வயது, சொத்து என்று சொல்ல வாய் மட்டும்தான்.

“நெங் இன்னும் காலைல சாப்பிடல, பாக்,” என்றார் சமாதானமாக. சின்னப் பெண் என்பதால் நான் அவருக்கு எப்போதும் ‘நெங்’தான். “வயிறு காஞ்சா இப்படித்தான் கடிப்பா. உங்க கொடியில கூட அதைத்தானே எழுதியிருக்கீங்க?”

கொடியில் எழுதியிருந்தது இதுதான்: ‘ஒரு கடி போதும், கல்யாணம் உறுதி.’

வழக்கே அந்த வாசகம்தான். திங்கட்கிழமை அதை அச்சகத்தில் கொடுத்திருக்கிறார். மாலுக்குள் வைக்கச் சில கொடிகள், சாலையில் நட்டு ஆளை இழுக்கச் சில. புதன்கிழமை காலை, இவர் கொடி ஒன்றுகூட ஏறுவதற்கு முன்னால், மாலுக்கு எதிர்ச் சாலையில் இருக்கும் ‘தத்தங்கா’ பத்தாகோர் கடை வாசலில் அதே வாசகம், அதே சிவப்பு, அதே சிரிக்கும் மீன். ஒன்பது கொடிகள். மூன்று நாளாக ஊரே இரண்டு கடைச் சண்டையைப் பற்றித்தான் பேசுகிறது.

“அச்சகத்துல இமாஸ்னு ஒரு பொண்ணு. அவதான் வித்திருக்கா,” என்றார் பாக் ஹெந்தார்சா. “என்மேல அவளுக்குக் கோவம். கொடி போடும்மான்னா, உள்ள வைக்க ஒரு தாள், வெளிய வைக்க ஒரு தாள்னு ரெண்டு எழுதுறா. கொடின்னா கொடிதானே! ஒரு கம்பு, ஒரு துணி. இதுல உள்ள என்ன, வெளிய என்ன? நல்லா கேட்டேன். அந்த எரிச்சல்ல பண்ணிட்டா.”

“அந்த ரெண்டு தாள் எங்கே?”

“விட மாட்டியா நீ? மஞ்சத் தாள் வெளிக்கொடிக்கு. நகராட்சி முத்திரை வாங்க அன்னைக்கே டிரைவர் குடுத்துட்டு வந்துட்டான். ரோஸ் தாள் உள்கொடிக்கு. அது மாலுக்குப் போயிடுச்சு. ரெண்டும் என்கிட்ட இல்ல. போதுமா?” கைக்கடிகாரத்தைத் தட்டினார். “நாலு மணிக்கு அவ மேல போலீஸ்ல புகார். மூணரைக்குள்ள உங்க அறிக்கை என் கையில இருக்கணும்.”

வாசலில் மாங் ஓடாங் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். “சட்டத்தை உடைச்சிட்டியே, நெங்.”

“அது சட்டம் இல்ல மாங். பயம்.”

“அந்தப் பயம்தான் என் மூணு பிள்ளைங்களுக்கும் ஃபீஸ் கட்டுது. கொஞ்சம் மரியாதையாப் பேசு.”

அச்சகத்தில் இமாஸ் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா, செருப்பு, ஒரு சின்னக் கள்ளிச்செடி. என் வயதுதான் இருக்கும். பத்து விரல்களிலும் நாலு நிற மை.

“நான்தான்னு எழுதிட்டுப் போக வந்தீங்களா, தெஹ்?” என்றாள், அக்கா என்கிற மரியாதையை விடாமல்.

“அப்படித்தான் சொல்லி அனுப்பினாங்க. நீ பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லு. ஏன்னும் சொல்லு.”

“பண்ணல. அதுக்கு என்ன ஏன்? பசிக்கலைன்னு சொன்னா ஏன் பசிக்கலைன்னு கேப்பீங்களா?”

“என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதே இல்ல,” என்றார் மாங் ஓடாங். “சொன்னா கேப்பேன்.”

அவள் சிரிக்கவில்லை. செடியைப் பெட்டிக்குள் இறக்கினாள்.

“இந்த வேலை போனாப் போகட்டும் தெஹ். புகார் பதிஞ்சிட்டா போலீஸ்ல நல்லொழுக்கச் சான்று தர மாட்டாங்க. அது இல்லாம இந்த ஊர்ல தட்டு கழுவக் கூட எவனும் சேத்துக்க மாட்டான். அடுத்த வேலை, அதுக்கடுத்த வேலை, எல்லாம் சேந்து இன்னைக்கு நாலு மணிக்குப் போகுது. அதான் இப்படி முழிக்கிறேன். திருட்டு முழி இல்ல இது.”

“சண்டை எதுக்குன்னு சொல்லு.”

மேசைக்கடியிலிருந்து இரண்டு துணித் துண்டுகளை இழுத்து என் முன்னால் போட்டாள். பேசப் பேசக் குரலில் தெம்பு வந்தது. தொழில் தெரிந்தவளுக்கு அதுதான் மருந்து.

“இது வெளிக்கு. ஒத்தைப் பின்னல் துணி. ஊதுங்க.”

ஊதினேன். அந்தப் பக்கம் நின்ற மாங் ஓடாங்கின் மீசை அசைந்தது.

“பாத்தீங்களா, காத்து பூந்து போகணும். போகலைன்னா கம்பு முறியும். மை பின்னால வரைக்கும் ஊறும். அதனால பின்பக்கம் எழுத்து கண்ணாடில தெரியுற மாதிரி திரும்பித்தான் இருக்கும். தெருவுல அது பரவாயில்ல, தூரத்துலேருந்து நிறமும் ஆட்டமும் தெரிஞ்சாப் போதும். உயரம் நாலு மீட்டர், இல்லைன்னா நிக்கிற வேனே மறைச்சிடும். அடியில மண்ணுல குத்துற கம்பி, சிமெண்டுத் தரைன்னா தண்ணி நிரப்புற பை.” அடுத்த துண்டைத் தூக்கினாள். போர்வை மாதிரி கனத்தது. “இது உள்ளேக்கு. ரெண்டு துணி, நடுவுல வெளிச்சம் புகாத கறுப்புத் துணி. மால்ல ஜனங்க ரெண்டு பக்கமும் நடப்பாங்க, ரெண்டு பக்கமும் நேராப் படிக்கணும். காத்து கிடையாது, கனம் தாங்கும். ரெண்டு மீட்டருக்கு மேல போனா மேல விளக்குல இடிக்கும். அடியில தட்டையா ஒரு இரும்புத் தட்டு, யாரும் தடுக்கி விழக் கூடாதுல்ல. இவ்வளவையும் சொன்னேன். கொடின்னா கொடிதானேன்னு கத்துனாரு. அப்ப மழைக்கோட்டும் கல்யாணக் கோட்டும் ஒண்ணா பாக்னு கேட்டேன்.”

“அதான் தப்பு,” என்றார் மாங் ஓடாங். “பணக்காரங்ககிட்டக் கேள்வி கேட்டுட்ட. இதோ நிக்குறாளே, இவளுக்கும் அதே வியாதிதான். மருந்து இல்ல.”

அச்சகத்தின் நகல் இரண்டும் அவளிடமே இருந்தன. மஞ்சள், ரோஸ். படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆகஸ்ட் மாதம். சாலை முழுக்கச் சுதந்திர நாள் கொடி. காருத் ஊரிலிருந்து வந்த வியாபாரிகள் மரத்துக்கு மரம் கயிறு கட்டிச் சிவப்பு வெள்ளையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ‘தத்தங்கா’வின் ஒன்பது கொடிகளும் பெரியவர்கள் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்ட ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் மாதிரி நின்றன.

“ஒரு கடி போதும், கல்யாணம் உறுதி,” என்று சத்தமாகப் படித்துக்கொண்டே மாங் ஓடாங் கடையைத் தாண்டினார். நடுவில் தடுப்புச் சுவர். அடுத்த திருப்பம் வரை போய் வளைந்து எதிர்ப் பக்கமாக வந்தோம். “ஒரு கடி போதும், கல்யாணம் உறுதி. ஒரு கடி போதும், கல்யாணம்...”

“நிறுத்துங்க மாங்!”

மொபெட் கிறீச்சிட்டது. “என்ன, உனக்குக் கல்யாணம் உறுதியாயிடுச்சா?”

“திரும்பி வரும்போது எப்படிப் படிச்சீங்க?”

“கண்ணால.”

“பின்பக்கத்தைப் படிச்சீங்க. நேராப் படிச்சீங்க! தெருக்கொடியில பின்பக்கம் எழுத்து திரும்பி இருக்கணும்.”

மாங் ஓடாங் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். “அட, ஆமா.”

சாலையைக் கடந்து கிட்டே போனோம். போர்வைக் கனத் துணி. இரண்டு மீட்டருக்கு ஒரு விரல்கூட அதிகமில்லை. அடியில் தட்டை இரும்புத் தட்டு. மலைப்பக்கமிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் மூன்று கொடிகள் ஒரே சமயத்தில் சாலையைப் பார்த்துக் குனிந்தன. ஒன்றைக் காலி எரிவாயு உருளையோடு கட்டியிருந்தார்கள். ஒன்று ஏற்கெனவே முறிந்து, சிரிக்கும் மீன் சாக்கடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கடைப் பணியாளர் ஒருவர் ஓடிவந்து விழுந்தவற்றைத் தூக்கி நிறுத்தினார்.

“ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை,” என்றார் மூச்சு வாங்க. “எங்கம்மா கூட என்னை இத்தனை தடவை தூக்கியிருக்க மாட்டாங்க.”

“யாரு இந்தக் கொடியை ஆர்டர் பண்ணினது?”

“மேல இருந்து வந்துச்சு. எங்களுக்கு யாரு சொல்றாங்க?”

அதற்குள் மாங் ஓடாங் ஒரு தட்டு வாங்கிவிட்டார். விசாரணைக்கு உதவும் என்றார். முதல் உருண்டையை வாயில் போட்டவர் நின்றார். இன்னொன்றைப் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

“நெங், இவனுங்க வாசகத்தை மட்டும் திருடல. குழம்பையும் திருடிட்டானுங்க. ஹெந்தார்சா கடையில வாரம் ரெண்டு தடவை சாப்பிடுறவன் நான். இதே எலுமிச்சை, இதே கருகல். எப்படிடா?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம்.”

“உனக்கு எது முக்கியம்னே தெரியல,” என்று கையை ஆட்டியதில் மூன்றாவது உருண்டை தட்டிலிருந்து குதித்து நடைபாதையில் ஓடியது. எண்பத்தெட்டு கிலோவும் அதன் பின்னாலேயே ஓடிக் கடைசிக் கொடியின் அடியில் மண்டியிட்டது. எழுந்திருக்கவில்லை.

“நெங், இங்க வா. கம்பு நுழையுற உறைக்குக் கீழ ஒரு சீட்டு தைச்சிருக்கு. நம்பர் இருக்கு.”

அச்சகக்காரர்கள் அடுத்த ஆர்டருக்காகத் தைத்து வைக்கிற விரலகலத் துணிச்சீட்டு. மற்ற எட்டுக் கொடிகளிலும் அதே இடத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோலால் வெட்டிய தடம் மட்டும் இருந்தது. அந்த எண்ணுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

“உருண்டையை விட்டுடுங்க மாங், மண்ணு.”

“மூணு நொடி ஆகல,” என்று வாயில் போட்டுக்கொண்டார். “சரி, சொல்லு. என்ன புரிஞ்சுது?”

“உள்கொடியைக் கொண்டாந்து தெருவுல நட்டிருக்காங்க. அளவு, துணி, தட்டு எல்லாம் அப்படியே ரோஸ் தாள். இமாஸ் வித்திருந்தா இதைத் தெருவுக்குன்னு குடுப்பாளா? ஊதச் சொல்லி உங்க மீசையை ஆட்டிக் காட்டினாளே! அவகிட்ட ரெண்டு தாளும் இருக்கு. இந்த வேலையைப் பண்ணினவன்கிட்ட ரோஸ் தாள் மட்டும்தான் இருந்திருக்கு.”

“ரோஸ் தாள் மாலுக்குத்தானே போச்சு?”

“வண்டியை எடுங்க.”

மால் நிர்வாக அலுவலகத்தில் இருந்த அம்மாள் கோட்டு போட்டிருந்தார். உள்ளே அவ்வளவு குளிர். வெளியே கண்ணாடி வழியாக ஹெந்தார்சாவின் புதுக் கடை வாசல் தெரிந்தது. இமாஸ் செய்த நிஜ உள்கொடிகள் இரண்டு பக்கமும் நின்றன. தெருவில் கோமாளியாக ஆடிய அதே கொடிதான். இங்கே விளக்கடியில் அசையாமல், மடிப்பில்லாமல், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றது. நகரும் படியில் ஏறுகிறவர்களும் படித்தார்கள், இறங்குகிறவர்களும் படித்தார்கள்.

“ரோஸ் தாள் எங்ககிட்டதான் இருக்கு,” என்றார் அந்த அம்மாள். “தீப்பிடிக்காத துணியான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுவோம். ஏன், ஏதாவது தப்பா?”

“யாரெல்லாம் பாத்தாங்க, இபு? புதன்கிழமைக்கு முன்னாடி?”

“புதனா?” பதிவேட்டைத் திருப்பினார். “எங்களுக்கு வந்ததே வியாழக்கிழமை காலை பதினொண்ணு பத்துக்கு. டிரைவர் ஓஜாத்துன்னு கையெழுத்து. தாமதமாக் குடுத்தாங்கன்னு நானே அவரைத் திட்டினேன்.”

என் முழு வழக்கும் அந்தக் குளிரில் உறைந்து கீழே விழுந்தது. தெருக்கொடி ஏறியது புதன் காலை. தாள் மாலுக்கு வந்தது வியாழன்.

நகரும் படியில் இறங்கும்போது மாங் ஓடாங் ஐஸ் கட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். “அப்ப மால் இல்ல. அச்சகம் இல்ல. நகராட்சிக்குப் போனது மஞ்சள். பேய்தான் பண்ணியிருக்கணும்.”

“திங்கள்லேருந்து வியாழன் வரைக்கும் அந்த ரோஸ் தாள் எங்க மாங் இருந்துது?”

உறிஞ்சும் சத்தம் நின்றது. “நெங், வேண்டாம். சொல்லாதே.”

“மஞ்சள் திங்கக்கிழமையே போயிடுச்சு. அவரே சொன்னாரு. ரோஸ் மட்டும் தனியா ஒரு மேசை மேல மூணு நாள் கிடந்திருக்கு.”

“அந்த மேசையிலதான் நாம டீ குடிச்சோம்.”

“நீங்க குடிச்சீங்க.”

கைப்பேசி அடித்தது. துணிச்சீட்டு எண். ஒரு பெண் குரல், எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்தது: “கொடி விழுதுன்னு சொல்லத்தானே அடிச்சீங்க? நான் அன்னைக்கே சொன்னேன்!”

தெஹ் கோகோமின் அச்சகம் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை. ஒரு இயந்திரம், இரண்டு தையல் மெஷின், மூக்கு நுனியில் கண்ணாடி. ‘தத்தங்கா’ என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கத்தரிக்கோலை மேசையில் குத்தினார்.

“இருபது வருஷமா தொழில் பண்றேன். அந்த ஒன்பது கொடி என் மானத்தை வாங்கிடுச்சு. என் பேரு அதுல இருக்கக் கூடாதுன்னு நானே சீட்டையெல்லாம் வெட்டி எறிஞ்சேன்.”

“எட்டை,” என்றார் மாங் ஓடாங். “ஒண்ணுல விட்டுட்டீங்க.”

“அட கஷ்டமே!” தலையில் கை வைத்துக்கொண்டார். “ஊரே பாத்திருக்குமே!”

“மண்டி போட்டவன் மட்டும்தான் பாத்தான். கவலைப்படாதீங்க.”

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு டிரைவர் ரோஸ் தாளோடு வந்திருக்கிறான். ஓஜாத். கடைப் பெயரை மட்டும் மாற்றி இதேபோல் ஒன்பது வேண்டும், தெருவில் வைக்க. தெஹ் கோகோம் முடியாது என்றிருக்கிறார். இது கூரைக்குக் கீழே நிற்கிற கொடி, தெருவில் வைத்தால் குடிகாரன் மாதிரி சாயும். டிரைவர் முதலாளிக்குக் குரல் செய்தி அனுப்ப, பதிலும் குரலிலேயே வந்திருக்கிறது.

“நாளைக்கு என்மேல பழி வரக் கூடாதுன்னு அதை எனக்கு அனுப்பு, அப்பத்தான் மெஷினை ஓட்டுவேன்னு சொல்லிட்டேன். இருக்கு, கேளுங்க.”

கேட்டோம்.

‘ஏம்ப்பா ஓஜாத், அந்தம்மாவைச் சொன்னதைச் செய்யச் சொல்லு. கொடின்னா கொடிதானே! உள்ள என்ன, வெளிய என்ன? புதன் காலைல தத்தங்கா வாசல்ல நிக்கணும். அவ்ளோதான்.’

காலையில் எனக்கு டீ கொடுத்த அதே குரல்.

மாங் ஓடாங் தொடையில் ஓர் அறை விட்டார். “குழம்பு! அதான் ஒரே குழம்பு! எவனும் திருடல நெங், ஒரே அடுப்பு! தத்தங்காவும் அந்த ஆளோடதுதான்!”

ஆமாம். இரண்டு கடையும் ஒருவருடையது. சண்டை நடந்தால் கூட்டம் கூடும். இந்தக் கடையில் சாப்பிட்டுவிட்டு அந்தக் கடையில் போய் ஒப்பிட்டுப் பார்க்கும். சண்டை என்றால் திருட்டு வேண்டும். திருட்டு என்றால் திருடி வேண்டும். எதிர்த்துப் பேசிய ஒரு பெண் அச்சகத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தாள். அவள் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் அந்த ஆள் மாட்டியிருக்கவே மாட்டார். மஞ்சள் தாளைக் கொடுத்திருப்பார்.

“அந்தக் குரலை எனக்கு அனுப்புங்க தெஹ்.”

“அனுப்புறேன். ஆனா நான் எச்சரிச்சேன்னு எழுதணும். பெருசா எழுதணும்.”

திரும்பும் வழியில் நகல் கடை ஒன்றில் நிறுத்தச் சொன்னேன். மாங் ஓடாங் வெளியே பொரித்த மரவள்ளி மாவுச் சீரெங் வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“என்ன எழுதுற?”

“அறிக்கை.”

“ஆபீஸ்ல நாற்காலி இருக்கே.”

“இங்கதான் கை ஓடுது.”

முடித்ததும், அச்சக வழியாகப் போங்கள் என்றேன். அங்கே இரண்டு நிமிடம். அவர் வண்டியை அணைக்கக்கூட இல்லை.

மூன்று மணிக்கு பாக் விராவின் அறைக்குள் போனேன். குரல் செய்தியை மேசையில் வைத்து ஓடவிட்டேன். முழுதும் கேட்டார். ஒரு புருவம்கூட உயரவில்லை.

“அந்தத் துணி விஷயம் எனக்குத் தோணவே இல்ல,” என்றார். “கெட்டிக்காரிம்மா நீ.”

“மத்தது?”

“மத்தது தெரியும்.” நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “தத்தங்கா அவர் மச்சினன் பேர்ல இருக்கு. ஹெந்தார்சா முதல் நாளே சொல்லிட்டாரு. அவருக்குத் தேவை கண்டுபிடிப்பு இல்ல நெங், ஒரு அறிக்கை. துப்பறியும் நிறுவனமே சொல்லிடுச்சுன்னா ஊர் நம்பும். உட்காரு.”

வாசலருகே நின்ற மாங் ஓடாங் கையிலிருந்த பொட்டலத்தை மெதுவாக மடித்தார்.

மேசையில் அறிக்கை தயாராகவே இருந்தது. தட்டச்சு செய்து, தேதி போட்டு. ‘வடிவத்தை வெளியே கொடுத்தவர் அச்சகப் பணியாளர் இமாஸ் என்பது உறுதி.’ கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு என் பெயர், நெண்டென். பெயருக்குப் பின்னால் என் சட்டப் பட்டத்தின் இரண்டு எழுத்துகள்.

“உங்க நிறுவனம். ஏன் என் பேரு?”

“என் பேருக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லையே. வெறும் விரா. சட்டம் படிச்ச பொண்ணு கையெழுத்துன்னா போலீஸ்ல குறுக்குக் கேள்வி வராது. உன்னை எதுக்கு வேலைக்கு எடுத்தேன்னு நினைச்சே?”

எங்கள் சந்தில் அந்த இரண்டு எழுத்துகளை முதலில் வாங்கியவள் நான். அப்பா பதினோரு வருடம் வாடகைக்கு ஆங்கோட் வேன் ஓட்டி வாங்கிக் கொடுத்தது. சித்தி மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைச் சும்மாவே போட்டார்கள், அந்த இரண்டு எழுத்துகளை அச்சில் பார்க்க வேண்டும் என்பதற்காக. இந்த ஆள் அதைக் கொடிக்கம்பு மாதிரி வாங்கியிருக்கிறார். அவருக்குத் தேவையான துணியை மாட்டிக்கொள்ள.

“அந்தப் பொண்ணுக்கு வேற வேலை பாத்துக் குடுத்திடலாம்,” என்றார். “ஹெந்தார்சா கடையிலயே குழம்பு கிண்டட்டும். ரெண்டு மாசத்துல ஊர் மறந்திடும்.”

“போலீஸ் ஏடு மறக்காது.”

“சின்னப் பொண்ணு நீ. கோவம் நல்லதுதான், சாயங்காலத்துக்குள்ள இறங்கிடும். இந்தா.” பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். “கையெழுத்தைப் போடு.”

“போட்டாச்சு, பாக்.”

“எங்கே?”

“நகல் கடையில. அரசாங்க முத்திரை வில்லை ஒட்டி, அதுமேல. முழுப் பேரு, பின்னால ரெண்டு எழுத்து, எல்லாம் இருக்கு. ரோஸ் தாள், பதிவேட்டு நேரம், தெஹ் கோகோம் பேரு, குரல், எதையும் விடல. மூணு பிரதி. ஒண்ணு இமாஸ்கிட்ட. ஒண்ணு அவ முதலாளிகிட்ட, அவர் படிச்சிட்டு அவ பெட்டியைப் பிரிக்கச் சொல்லிட்டாரு. மூணாவது இது.” பையைத் தட்டினேன். “காவல் நிலையத்துல நேர்ல குடுக்கணும். நாலு மணிக்கு முன்னாடி.”

பாக் விரா எழுந்துவிட்டார். “யாரைக் கேட்டுப் பண்ணினே? இந்த வாசலைத் தாண்டினா நீ இந்த ஆபீஸ்ல...”

“அதையும் எழுதியிருக்கேன். ரெண்டாவது தாள், உங்களுக்கு.”

விலகல் கடிதத்தை அவருடைய அறிக்கை மேல் வைத்தேன். அதில் பட்டம் போடவில்லை. அவருக்கு வெறும் நெண்டென் போதும்.

மாங் ஓடாங் வாசலை விட்டு நகர்ந்து வழி விட்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் அவரும் இப்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு மூன்று பிள்ளைகள்.

மூன்று ஐந்து. நடந்தால் இருபது நிமிடம். படியிறங்கினேன்.